கொத்துக்கறி இயந்திரம்

ஆட்டுக்கறி என்ன விலை விற்கிறது என்பதை நாம் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எட்டுப் பேர் உள்ள வீட்டில் அரைக் கிலோ கறியைத் துண்டு போட்டால், ஆளுக்கு இரண்டு துண்டு தேறுவதே கஷ்டம். யாருக்கு எலும்பு, யாருக்குச் சதை என்ற வழக்கு வேறு. அதே அரைக் கிலோவைக் கொத்தி, வெங்காயமும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துக் கோலா உருண்டை பிடித்தால் எல்லார் தட்டிலும் சமமாக விழும். பல் போன பாட்டியும் சாப்பிடுவார். பால் பல் விழுந்த பேரனும் சாப்பிடுவான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆட்டின் கழுத்து, தோள்பட்டை, முன்னங்கால் ஆகிய பகுதிகள் ஓயாமல் உழைப்பவை. அதனால் அங்குள்ள சதை முறுக்கேறியிருக்கும். நெடுநேரம் வேகவைக்காவிட்டால் சவுக்குச் சவுக்கென்று இருக்கும். அந்த நீண்ட நார்களைக் குறுக்கே சிறிது சிறிதாக அறுத்துவிட்டால் கடினம் போய்விடுகிறது. இயந்திரம் செய்யும் வேலை இதுதான். நம் பெரியவர்கள் புளியங்கட்டையின் மேல் இரண்டு கத்திகளை வைத்துக்கொண்டு கொத்தியதும் இதற்காகவே. தீபாவளிக்கு ஒரு முறை மட்டும் கோலா செய்கிற வீடாக இருந்தால் அந்தக் கத்திகளே போதும். இயந்திரத்திற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

கடையிலேயே அரைத்த கறி கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் அதில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு, நேற்றைய மீதி எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. நீங்கள் காட்டிய துண்டையே கடைக்காரர் உங்கள் கண்முன் அரைத்துக் கொடுத்தாலும், முதலில் வெளியே வருவது அதற்கு முன் வந்தவருடைய கறிதான். இயந்திரத்தின் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும்.

இது ஏன் முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். சட்டியில் சூடு பட்டதும் அவை மடிந்துவிடும். அரைக்கும்போதோ மேற்புறம் உள்ளே போகிறது, உள்புறம் வெளியே வருகிறது. கிருமிகள் கறி முழுவதும் கலந்துவிடுகின்றன. 1993-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், அரைகுறையாக வெந்த அரைத்த மாட்டிறைச்சியின் மூலம் ஈ.கோலி என்னும் கிருமி பரவியது. 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். ஆடானாலும் கோழியானாலும் கணக்கு ஒன்றுதான். அரைத்த கறி, முழுக்கறியைவிட விரைவில் கெடும். முழுக்கறியைவிட நன்றாக வேக வேண்டும்.

இனி வாங்கும் விஷயத்திற்கு வருவோம். கையால் சுற்றும் இயந்திரங்களின் உடம்பில் 5, 8, 10, 12, 22, 32 என்று ஏதாவது ஓர் எண் வார்க்கப்பட்டிருக்கும். அது விலையுமல்ல, எடையுமல்ல; அளவைக் குறிக்கும் எண். 8-ஆம் எண் இயந்திரத்தின் துளைத்தட்டு ஏறக்குறைய 62 மில்லிமீட்டர் அகலம். 10, 12-க்கு ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். ஒரு குடும்பத்திற்கு 8 அல்லது 10 போதும். 32 என்பது கடைக்காரருக்கு உரியது. அதைச் சுற்றத் தனிப் பலம் வேண்டும்.

பழைய வகை, வெள்ளீயம் பூசிய வார்ப்பிரும்பு. நம் கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் வெட்டியெடுத்தார்களே, அதே ஈயந்தான். உணவுக்குக் கெடுதல் செய்யாது. பூச்சு இருக்கும்வரை துருவும் பிடிக்காது. பூச்சு உரிந்து துரு ஏறிய பழைய இயந்திரத்தை மலிவு என்று வாங்காதீர்கள். அலுமினியம் இலேசானது, விலையும் குறைவு. ஆனால் உப்பும் எலுமிச்சையும் பிரட்டிய கறியை அதில் போட்டால் கறுத்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு நீண்ட நாள் உழைக்கும். விலைதான் சற்றே கையைக் கடிக்கும். பிளாஸ்டிக் உடம்பும் அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பரும் உள்ளவை இப்போது நிறைய வருகின்றன. அந்த ரப்பர் கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பில்தான் ஒட்டும். சிமெண்டு மேடையிலும் பலகை மேசையிலும் ஒட்டாது. பாதி வேலையில் பெயர்ந்து வந்துவிடும்.

மேசையைக் கவ்விப் பிடிக்கும் வகையானால், வீட்டு மேசைப் பலகையின் கனத்தை ஒரு நூலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கனமான பலகையில் மாட்ட முடியாமல் திரும்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பலர். கவ்வும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்தால் நழுவாது, பலகையும் காயப்படாது.

எல்லாவற்றிலும் முக்கியம் கத்தி. மரம் சீவுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழுங்கிய கத்தி பட்டையைக் காயப்படுத்துமே தவிர ஒழுங்காகச் சீவாது. இங்கும் அப்படியே. நான்கு இறக்கைகள் கொண்ட இந்தச் சிறு கத்தியின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மறுபக்கம் சற்றுப் புடைத்திருக்கும். தட்டைப் பக்கம் துளைத்தட்டைப் பார்த்து, அதாவது வெளிப்பக்கம் நோக்கி, இருக்க வேண்டும். முதலில் முறுக்குத் தண்டு, பிறகு கத்தி, பிறகு துளைத்தட்டு, கடைசியில் மரை வளையம். தட்டின் விளிம்பிலுள்ள சிறு வெட்டு, உடம்பிலுள்ள முளையில் சரியாக உட்கார வேண்டும். வளையத்தைக் கையால் இறுக்கினால் போதும்.

கத்தியைத் திருப்பி மாட்டிவிட்டு, “இயந்திரம் உதவாது” என்று மூலையில் போட்டுவிடுவோர் உண்டு. கறி நூல் நூலாக வராமல் களியாகப் பிதுங்கினால், அல்லது கைப்பிடிப் பக்கமாகச் சாறு ஒழுகினால், பலங்கொண்டு சுற்றாதீர்கள். நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். கத்தி திரும்பியிருக்கும், அல்லது மழுங்கியிருக்கும், அல்லது வெள்ளை நரம்பு சுற்றிக்கொண்டிருக்கும். மழுங்கிய கத்தியின் தட்டைப் பக்கத்தைச் சமமான தீட்டுக்கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் மீண்டும் கூர் வரும்.

அரைக்கும் முன் எலும்பையும், சதையின் மேலுள்ள வெள்ளைச் சவ்வையும் நரம்பையும் நீக்கிவிடுங்கள். கறியைக் கட்டைவிரல் கனத்தில் நீள நீளமாக அரிந்து, குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் அரைமணி நேரம் வையுங்கள். ஓரங்கள் விறைத்ததும் எடுக்கலாம். குளிர்ந்த கறி அறுபடும். வெதுவெதுப்பான கறி நசுங்கும், கொழுப்பு உருகித் துளைகளை அடைக்கும். குளிர்ப்பெட்டி இல்லையென்றால் ஐஸ் கட்டிகள் போட்ட பேசினுக்குள் சட்டியை வைத்துக் குளிர வைக்கலாம். பெரிய துளைத்தட்டில் ஒரு தரம், சிறிய துளைத்தட்டில் ஒரு தரம் அரைத்தால் கோலாவுக்குப் பதமாக வரும். பொரியலுக்கு ஒரு தரமே போதும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயைக் கறியோடு சேர்த்தே போடலாம். காய்ந்த மிளகாய், மல்லி இவற்றைப் போடாதீர்கள்; அதற்கு அம்மி இருக்கிறது. ஊறிய கடலைப்பருப்பை வடைக்கு அரைக்கலாம், நன்றாகவே வரும். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற மாமியாரிடம் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்!

கறியை உள்ளே தள்ள விரலைப் பயன்படுத்தவே கூடாது. ஒரு மரக்குச்சியை அதற்கென்றே செதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி சுற்றுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஒரு பிள்ளை சுற்ற, இன்னொரு பிள்ளை வாயில் கையை விட, விரல் போய்விடும். பெரியவர் ஒருவரே சுற்றித் தாமே தள்ள வேண்டும். இடையில் அடுப்பைப் பார்க்க எழுந்தால் கைப்பிடியைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். மின்சார இயந்திரமானால் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே கழற்ற வேண்டும்.

அரைத்த கறி நம் வெயிலில் ஒரு மணி நேரத்திற்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அன்றே சமைப்பது நல்லது. குளிர்ப்பெட்டியிலும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். உப்பு பார்க்கப் பச்சைக் கறியை நாக்கில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு சிறு உருண்டையைப் பொரித்துப் பார்த்தால் போகிறது. கோலாவைச் சிறிதாகப் பிடித்து, நடுத்தரமான தீயில் பொரியுங்கள். வெளியே சிவந்துவிட்டது என்று ஏமாறாமல், ஒன்றைப் பிட்டு நடுவில் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். சமையல் வெப்பமானி வைத்திருப்போர் உருண்டையின் நடுவில் ஆடு, மாட்டுக் கறிக்கு 71 பாகை செல்சியஸ், கோழிக்கு 74 பாகை வந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

வேலை முடிந்ததும் ஒரு துண்டுக் காய்ந்த ரொட்டியை அரைத்துவிடுங்கள். தங்கிய கறியெல்லாம் அதோடு வந்துவிடும். உடனே எல்லாப் பாகங்களையும் கழற்றி, சுடுநீரும் சவர்க்காரமும் இட்டுத் தேய்க்க வேண்டும். துளைகளுக்குள் பழைய பல் தூரிகை நன்றாகப் போகும். ஈரம் போகத் துடைத்து, வெயிலில் உலர்த்தி, கத்திக்கும் தட்டுக்கும் சமையல் எண்ணெய் தடவி ஒரே துணியில் சுற்றி வையுங்கள். ஒரு கத்தியும் அதன் தட்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தியவை. பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்தாலும் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். திரும்பி வரும்போது இரண்டும் வந்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.