கூலித் தொழிலாளர்களைத் தலைவர்களாக்கிய பேராயர்! - தோர்ணக்கல் சொல்லும் பாடம்

ஆயர் ஒரு மாதம் ஊரில் இல்லை. ஞாயிறு ஆராதனையை யார் நடத்துவார்கள்? படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டியை யார் போய்ப் பார்ப்பார்கள்? வாலிபர்களுக்குள் வந்த சண்டையை யார் தீர்த்துவைப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பெயர் நினைவுக்கு வந்தால், அந்தச் சபை ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். 'ஆயர் வரட்டும், பார்த்துக்கலாம்' என்பதே ஒரே பதிலானால், அங்கே கூட்டம் இருக்கிறது, குழு இல்லை.

தலைவர்கள் தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் நம்பிப் பொறுப்பைக் கொடுக்கும்போதுதான் ஒருவருக்குள் இருக்கும் திறமை வெளியே வருகிறது. இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியவர் ஒரு தமிழர். பெயர், வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அனுப்பும் இடத்திலிருந்து போகும் இடத்துக்கு

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் அசரியா. அப்பா கிராமத்து குருவானவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளரானார். வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றியவருக்கு 1902-ல் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, கடல் தாண்டி தமிழ்நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பிவைத்திருந்தார்கள்.

'அவர்களால் முடிகிறது என்றால் நம்மால் ஏன் முடியாது?' என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. அடுத்த ஆண்டே, 1903-ல், நண்பர்களோடு சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். ஆட்கள் இந்தியர்கள், பணம் இந்தியர்களுடையது, நிர்வாகமும் இந்தியர்களுடையது. வெள்ளைக்கார மிஷனரிகள் சொல்வதைக் கேட்டு நடப்பதுதான் சபை என்றிருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல்.

சங்கம் தேர்ந்தெடுத்த இடம், அப்போது ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல். இன்று தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. மற்றவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க மனம் வராமல், 1909-ல் குருப்பட்டம் பெற்று அசரியாவே அங்கு போனார். தெலுங்கு கற்றுக்கொண்டார். மனைவி அன்பு மரியம்மாளும் உடன் சென்றார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரி வரை படித்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகளில் ஆசியர்கள் வெகு சிலரே. அந்த மேடையில் அசரியா மனதில் பட்டதைச் சொன்னார். மிஷனரிகள் இந்தியர்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்கிறார்கள். ஆனால் கூட வேலை பார்க்கும் இந்தியரைச் சமமான நண்பராக நடத்துவதில்லை என்றார். அரங்கில் பலருக்கு முகம் சுளித்தது. இன்று அந்த மாநாட்டைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் நினைவுகூர்வது அந்தப் பேச்சைத்தான்.

அவரையும் ஒருவர் நம்பினார். சென்னை பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட், அசரியாவைத் தோர்ணக்கல் பேராயராக்க முயன்றபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. ஐரோப்பியர்கள் மட்டுமல்ல, திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள். ஒயிட்ஹெட் பின்வாங்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அசரியா அபிஷேகம் செய்யப்பட்டார். அப்போது வயது 38.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் என்ன கண்டார்?

தோர்ணக்கல் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். போதாததற்கு இந்த இரு சமூகத்தாரும் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து சாப்பிடாதவர்கள். இவர்களை வைத்து என்ன தலைமையை உருவாக்க முடியும் என்று யாரும் கேட்டிருக்கலாம்.

அசரியா முதல் நாளிலிருந்தே தொடங்கினார். ஞானஸ்நானம் பெறுபவர் தன் தலையில் கைவைத்து, நற்செய்தியை மற்றவர்களுக்குச் சொல்வது என் கடமை என்று உறுதி எடுக்க வேண்டும். படித்து முடித்து, தேர்ந்த பிறகுதான் பொறுப்பு என்ற பேச்சே இல்லை. உள்ளே வந்த அன்றே அவருக்கு ஒரு வேலை இருந்தது.

அடுத்த படி, கிராம உபதேசியார். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பார், மாலையில் ஜெபம் நடத்துவார், ஊரில் தகராறு என்றால் நடுவில் நிற்பார். இவர்களில் திறமை தெரிந்தவர்கள் மேற்கொண்டு பயிற்சி பெற்று குருவானவர்கள் ஆனார்கள். பயிற்சிக்கு வரும் ஆண்களோடு அவர்களுடைய மனைவிமாரும் படித்தார்கள். அன்பு மரியம்மாள் பெண்கள் மத்தியில் வேலை செய்தார். கணவனுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பாதிக் கிராமத்தோடுதான் பேச முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது, காணிக்கை. கையில் காசில்லாத மக்கள் பிடி அரிசியும் கோழியும் விளைச்சலில் ஒரு பங்கும் கொடுத்தார்கள். தானும் கொடுக்க முடியும் என்று தெரிந்துகொண்ட மனிதன், தானும் முடிவெடுக்க முடியும் என்று தெரிந்துகொள்வான். பிறர் தரும் பணத்தில் நடக்கும் சபையில் அந்தத் தன்னம்பிக்கை வருவதில்லை.

பலன்? 1912-ல் ஏறத்தாழ 56,000 பேர் இருந்த அந்தப் பேராயம், 1941-ல் 2 லட்சத்தைத் தாண்டியது. 1935 வாக்கில் இந்தியக் குருவானவர்கள் சுமார் 250 பேர். கிராம ஆசிரியர்கள், நற்செய்தியாளர்கள், மருத்துவப் பணியாளர்கள் என 2,000 பேருக்கும் மேல். ஒரு பேராயரால் இத்தனை ஊருக்கும் நடந்து முடிந்திருக்காது. அத்தனை ஊரிலும் ஓர் ஆள் இருந்தார்.

இன்றைய சபைகளுக்கு...

சேகரக் கமிட்டி, பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் சங்கம், ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு என்று பொறுப்புகளுக்கு இன்று பஞ்சமில்லை. ஆனால் பல இடங்களில் அதே நான்கு குடும்பங்கள், அதே பெயர்கள். தேர்தல் சண்டை நீதிமன்றப் படியேறுவது செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. இதைப் பார்த்துச் சலித்த இளைஞர்கள், ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இழப்பு சபைக்குத்தான்.

சரிசெய்ய வழி இருக்கிறது. வேதாகமத்திலேயே, காலை முதல் மாலை வரை தனியாக வழக்கு விசாரித்துக் களைத்த மோசேயிடம், பொறுப்பைப் பகிர்ந்துகொடு என்று அவருடைய மாமனார் எத்திரோ சொல்கிறார். ஆதிச் சபையில் விதவைகளுக்கான உணவுப் பங்கீட்டில் முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வேலையை ஒப்படைத்தார்கள்.

முதலில், யாருக்கு எது வரும் என்று கவனிக்க வேண்டும். மேடையில் பேச வராத அக்கா, மருத்துவமனையில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வதில் கெட்டிக்காரியாக இருக்கலாம். கணக்கில் புலியான தம்பியைக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு நாற்காலி தூக்க மட்டும் கூப்பிடக் கூடாது.

அடுத்து, சின்ன வேலையை முழுதாகக் கொடுக்க வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தை வாலிபர்களிடம் விட்டால், விலை சொல்வது முதல் கணக்கு ஒப்படைப்பது வரை அவர்களே செய்யட்டும். தவறு நடந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். எல்லோர் முன்னாலும் பிடுங்கிக்கொண்டால், அடுத்த முறை யாரும் கை தூக்க மாட்டார்கள்.

கடைசியாக, பெரியவர்கள் பொறுப்பில் இருக்கும்போதே பக்கத்தில் ஒருவரைப் பழக்க வேண்டும். பதவிக்காலம் முடிந்த பிறகு சாவியைக் கொடுப்பது ஒப்படைப்பு மட்டுமே, பயிற்சி ஆகாது.

அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமானார். அவர் பல ஆண்டுகள் உழைத்த சபை ஐக்கியம், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாகப் பிறந்தபோது அவர் இல்லை. வேலை நிற்கவில்லை. ஒரு காலத்தில் அவருடைய பேராயத்தின் பகுதியாக இருந்த நந்தியாலில், 2013-ல் புஷ்ப லலிதா பேராயரானார். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர்தான்!