ஓவியத்துக்கு முன் சுவரைத் தேர்ந்தெடுங்கள்

1639 ஜனவரியில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், ஹேக் நகரில் வாழ்ந்த கான்ஸ்டன்டைன் ஹைகென்ஸுக்கு ஒரு பெரிய ஓவியத்தை அன்பளிப்பாக அனுப்பினார். ஒளியின் அலைக்கொள்கையை வகுத்த விஞ்ஞானி கிறிஸ்டியன் ஹைகென்ஸின் தந்தை இவர். படத்தை நல்ல வெளிச்சத்தில் மாட்டவேண்டும், எட்ட நின்று பார்க்க இடம் விடவேண்டும் என்று ஓவியர் கடிதத்தில் கேட்டுக்கொண்டார். 1636-இல் தீட்டிய 'சிம்சோன் குருடாக்கப்படுதல்' என்ற படமே அது என்று பலர் கருதுகின்றனர். இன்று அது ஜெர்மனியில், பிராங்க்பர்ட் நகரின் ஸ்டேடல் காட்சிச்சாலையில் உள்ளது.

பகைவர்கள் சிம்சோனின் கண்ணில் கத்தியைப் பாய்ச்சும் கோரக் காட்சி அது. இருண்ட கூடாரத்துள் வெளிச்சம் பளீரெனப் பாய்கிறது. ஆழ்ந்த இருளும் கூரிய ஒளியும் மோதுவதே பரோக் பாணி வரலாற்று ஓவியங்கள் பலவற்றின் உயிர். இத்தகைய படத்தின் அச்சுப் பிரதியை உங்கள் வீட்டில் மாட்ட விரும்பினால், ரெம்பிராண்டின் இரு யோசனைகளும் உங்களுக்கும் பயன்படும்.

முதலில் தூரம். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு புள்ளிகள், சுமார் மூன்றரை மீட்டருக்கு அப்பால் நம் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகின்றன. அருகில் திட்டுத்திட்டாகத் தெரியும் தூரிகைத் தடங்கள் எட்ட நின்றால் முகமாகவும் கவசமாகவும் மாறுவது இதனால்தான். படத்தின் அகலத்தைப்போல் இருமடங்கு தூரத்தில் நின்றால், முழுக் காட்சியும் ஏறக்குறைய 28 பாகைக் கோணத்துள் அடங்கிவிடும். உங்கள் அறையில் மூன்று மீட்டர்தான் எட்ட நிற்க முடியுமா? ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமான படம் வேண்டாம்.

அடுத்து வெளிச்சம். சட்டத்துக் கண்ணாடியின் இரு பரப்புகளும் சேர்ந்து சுமார் 8 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. வெளிறிய படத்தில் இது தெரியாது. கரிய பகுதியோ மிகச் சொற்ப ஒளியையே அனுப்புவதால், அங்கே படம் மறைந்து உங்கள் ஜன்னலே தெரியும்!

இதைத் தவிர்க்க ஓர் எளிய சோதனை. படம் மாட்டவிருக்கும் சுவரில் ஒரு கண்ணாடியை ஒட்டினாற்போல் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து பாருங்கள். அதில் ஜன்னலோ விளக்கோ தெரிந்தால் அந்தச் சுவர் ஆகாது. அல்லது விளக்கை மேலே தள்ளி வையுங்கள். நேர் வெயிலும் கூடாது. அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் வண்ணங்களை வெளுக்கச் செய்யும்.

படத்தைப் பிறகு வாங்கலாம். இன்று மாலையே கண்ணாடியோடு சுவரைச் சோதித்துப் பாருங்களேன்!