அச்சம் எப்படித் தணிகிறது?

ஆபத்து வந்தால் நெஞ்சு படபடப்பது இயற்கை. ஆனால் மூளையில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பாகம், யாதொரு ஆபத்தும் இல்லாத வேளையிலும் அட்ரினலினைச் சுரக்கச் செய்து, நித்திரையைக் கெடுத்து, மாதக்கணக்கில் மனிதனை வாட்டுமாயின், அதைச் சுபாவம் என்று ஒதுக்காமல் வியாதி என்றே கொள்ளவேண்டும். அஞ்சியதை விட்டு விலகுந்தோறும் க்ஷண நேரம் நிம்மதி கிடைக்கிறதே, அந்த நிம்மதிதான் பயத்துக்கு நாம் போடும் தீனி.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அம்மையார், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்னும் சிறுவன் தனக்குப் பிரியமான பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கையில், கூண்டிலிருந்த முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்து, முடிவில் அவனே அதைத் தடவிக் கொடுக்கும்படி செய்தார். (நகைக்க வேண்டாம், கரப்பான் பூச்சிக்கு அஞ்சிக் கட்டிலில் ஏறுகிறவர்கள் நம்மிலும் உண்டு.) அஞ்சியதை விட்டு விலகாமல் சிறிது சிறிதாக நெருங்கும் இம்முறை, இன்றைய சிகிச்சையிலும் பிரதான அங்கம். மாத்திரைகளும் உண்டு; அவற்றுள் பல, பலன் தரச் சில வாரங்கள் பிடிக்குமாதலால், வைத்தியரைக் கேளாமல் இடையில் நிறுத்திவிடாதீர்கள்.