சிறைச்சாலைகளில் விபாசனா தியானப் பயிற்சி

சிறைச்சாலைகளில் விபாசனா தியானப் பயிற்சி என்பது, பௌத்த மரபில் வளர்ந்த விபாசனா தியானத்தைச் சிறைவாசிகளுக்குப் பத்து நாள் முகாமாகக் கற்பிக்கும் முறையாகும். இந்தியாவில் 1975ஆம் ஆண்டு செய்ப்பூர் மத்திய சிறையில் இது தொடங்கியது. 1993–94 ஆண்டுகளில் தில்லியின் திகார் சிறையில் நடந்த முகாம்களால் உலகின் கவனத்தைப் பெற்றது. தண்டனை என்பது குற்றவாளியை வருத்துவதற்கா, திருத்துவதற்கா என்ற பழைய கேள்வி இதனுடன் பிணைந்துள்ளது.

பின்னணி

குற்றவாளியும் மனம் மாற முடியும் என்பதற்குப் பௌத்தர்கள் காட்டும் சான்று அங்குலிமாலன் கதை. கொன்றவர்களின் விரல்களை மாலையாக அணிந்த இக்கொள்ளையன் புத்தரைச் சந்தித்துத் துறவியானான். அவனைப் பிடிக்கப் படையுடன் வந்த கோசல மன்னன் பசேநதி, துறவுக்கோலத்தில் அவனைக் கண்டு தண்டிக்காமல் திரும்பினான். ஆயினும் ஊரார் அவன்மீது கல்லெறிந்தனர். அதைப் பொறுத்துக்கொள்ளும்படி புத்தர் அவனுக்கு அறிவுறுத்தினார். மனம் மாறினாலும் செய்த வினையின் விளைவு நீங்கிவிடாது என்பதையும் இக்கதை கூறுகிறது.

தமிழின் பௌத்தக் காப்பியமான மணிமேகலையிலும் சிறை இடம்பெறுகிறது. புகார் நகரச் சிறையில் பசியால் வாடியவர்களுக்கு மணிமேகலை அமுதசுரபியால் உணவளித்தாள். பின்னர்ச் சோழ மன்னனிடம் வேண்டி அச்சிறையையே அறம் வளரும் இடமாக மாற்றினாள். இதைக் கூறும் 19ஆம் காதையின் பெயர் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை' என்பதாகும்.

பயிற்சி முறை

இன்று பெரும்பாலான சிறைகளில் நடைபெறுவது ச. நா. கோயங்கா (1924–2013) கற்பித்த முறையாகும். பர்மாவின் மாண்டலே நகரில் இந்திய வணிகக் குடும்பத்தில் பிறந்த இவர், சயாஜி ஊ பா கின் என்பவரிடம் தியானம் பயின்றார். 1969இல் இந்தியா வந்து முகாம்களை நடத்தத் தொடங்கினார்.

முகாமில் சேர்பவர் கொல்லாமை, திருடாமை, பொய் கூறாமை, பாலியல் ஒழுக்கம், போதைப் பொருள் தவிர்த்தல் ஆகிய ஐந்தையும் கடைப்பிடிக்க வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு எழ வேண்டும். ஒன்பது நாள்களுக்கு ஒருவரோடொருவர் பேசக் கூடாது. ஐயம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்கலாம். முதல் மூன்று நாள்கள் இயல்பான மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாள் முதல் உடலில் தோன்றும் வலி, சூடு, அரிப்பு போன்ற உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றிக் கவனிக்கப் பழக வேண்டும். இறுதி நாளில் பிற உயிர்களிடம் அன்பு பாராட்டும் மைத்ரி தியானம் கற்பிக்கப்படுகிறது.

சினம் எழும்போது மூச்சு மாறுகிறது. உடலில் வெப்பமும் படபடப்பும் தோன்றுகின்றன. அவற்றை உடனே அறிந்துகொள்பவர், கை ஓங்குவதற்கு முன் ஒரு கணம் நிற்க முடியும். நொடிப்பொழுது ஆத்திரத்தால் வாழ்க்கையை இழந்தவர்களுக்கு அந்த ஒரு கணம் மிகப் பெரியது.

இந்தியச் சிறைகளில்

அப்போது இராசத்தான் அரசின் உள்துறைச் செயலாளராக இருந்த ராம்சிங்கின் முயற்சியால் செய்ப்பூரில் முதல் முகாம் நடைபெற்றது. ஆசிரியர் இரவிலும் சிறைக்குள் தங்க வேண்டியிருந்தது. அதற்கு விதிகள் இடம் தரவில்லை. பயிற்சிக்கு வந்த கைதிகளில் சிலர் கால் விலங்குடன் இருந்தனர். விலங்கிட்டவருக்கு மனவிடுதலையைக் கற்பிக்க இயலாது என்று கோயங்கா மறுத்தார். விலங்குகள் அகற்றப்பட்ட பின்னரே பயிற்சி தொடங்கியது.

1993இல் கிரண் பேடி தில்லி சிறைத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, திகார் சிறை தன் கொள்ளளவைப் போலப் பல மடங்கு கைதிகளால் நிரம்பியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தீர்ப்புக்காகக் காத்திருந்த விசாரணைக் கைதிகள். அங்குப் படிப்பு, தொழிற்பயிற்சி, குறைதீர்க்கும் மனுப்பெட்டி ஆகியவற்றோடு விபாசனாவும் அறிமுகமானது. முதலில் சிறை அலுவலர்கள் சிலர் பயிற்சி பெற்றனர். காவலரே கற்றிராத ஒன்றைக் கைதிகளிடம் எதிர்பார்ப்பது பொருந்தாது என்பதே இதன் அடிப்படை.

1993 நவம்பரில் சுமார் 100 பேருடன் முதல் முகாம் நடந்தது. 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு ஒரே நேரத்தில் கோயங்கா பயிற்சியளித்தார். அவ்வாண்டிலேயே திகாரில் 'தம்ம திகார்' என்ற நிலையான தியான மையம் அமைந்தது. இம்முயற்சியை விவரிக்கும் 'டூயிங் டைம், டூயிங் விபாசனா' என்ற ஆவணப்படத்தை இசுரேலைச் சேர்ந்த அயெலெத் மெனஹேமி, எலோனா ஏரியல் ஆகிய இரு பெண்கள் 1997இல் உருவாக்கினர்.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் சியாட்டில் நகரச் சிறையொன்றில் 1997 முதல் முகாம்கள் நடைபெற்றன. 2002இல் அச்சிறை மூடப்பட்டபோது அவையும் நின்றன. அதே ஆண்டு அலபாமா மாநிலத்தின் டொனால்ட்சன் உயர் பாதுகாப்புச் சிறையில் தொடங்கிய பயிற்சி, சமயம் சார்ந்த எதிர்ப்பால் நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

பிரித்தானியாவில் வேறொரு வழி பின்பற்றப்படுகிறது. அஜான் கேமதம்மோ என்ற ஆங்கிலேயத் துறவி 1985இல் நிறுவிய 'அங்குலிமாலா' அமைப்பு, சிறைகளுக்குப் பௌத்த சமயப் பணியாளர்களை அனுப்புகிறது. இவர்கள் சிறைவாசிகளை நேரில் சந்தித்து உரையாடுவதுடன் தியானமும் கற்பிக்கின்றனர்.

பயன்களும் ஐயங்களும்

சியாட்டில் சிறையில் வாசிங்டன் பல்கலைக்கழகத்தினர் மேற்கொண்ட ஆய்வு 2006இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்கள் விடுதலையான மூன்று மாதங்களில் மது, கஞ்சா, கிராக் கொக்கெயின் ஆகியவற்றைக் குறைவாகப் பயன்படுத்தியதாக அது தெரிவித்தது. ஆனால் அவர்கள் தாமே விரும்பிச் சேர்ந்தவர்கள். திருந்தும் எண்ணம் முன்பே இருந்தவர்கள் அவர்களில் மிகுதியாக இருந்திருக்கக்கூடும். எனவே பயன் முழுவதையும் தியானத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

அரசின் சிறையில் ஒரு சமயத்தின் பயிற்சி இடம்பெறலாமா என்பது மற்றொரு கேள்வி. மூச்சும் உடலுணர்ச்சியும் எல்லோருக்கும் பொது. இதில் மதமாற்றம் இல்லை என்பது பயிற்றுநர்களின் விடை. எனினும் ஐந்து ஒழுக்கங்களும் கற்பிக்கும் சொற்களும் பௌத்த மரபைச் சேர்ந்தவையே. சிறையில் கைதியின் வாழ்க்கை முழுவதும் அதிகாரிகளின் கையில் உள்ளது. ஆகவே மறுப்பவருக்கு எந்த இழப்பும் நேராது என்ற உறுதி இருந்தால்தான் அவரது சம்மதத்துக்குப் பொருள் உண்டு.

நெரிசலையும், ஆண்டுக்கணக்கில் நீளும் விசாரணையையும் தியானத்தால் தீர்க்க இயலாது. அவை அரசும் நீதிமன்றமும் செய்ய வேண்டிய பணிகள். விடுதலையானவர் பழைய கூட்டாளிகளிடமும் வேலையில்லாத நாள்களிடமும் திரும்பும்போது, பத்து நாள்களில் கற்றதைத் தனியே காப்பது கடினம். அதனால் முகாமுக்குப் பின் நாள்தோறும் அமர்ந்து பயில இடமும் நேரமும் ஒதுக்குவது முகாமைப் போலவே இன்றியமையாதது.