குறைந்த விரலும் வளரும் எலும்பும்

மனிதனின் எலும்புகளை ஒன்றுதிரட்ட இயலாது என்று எண்ணுவோருக்கு விடையளிக்கும் திருமறை, அவனுடைய விரல்நுனிகளையும் செம்மையாக அமைக்க இறைவன் ஆற்றலுடையவன் என்று ‘அல்கியாமா’ அத்தியாயத்தில் எடுத்துரைக்கின்றது. பேருறுப்புகள் பல இருக்க, விரல்நுனி எடுத்துக்காட்டப்பட்டது ஏன்? கையை இழந்தவரிடம் கேட்டால் இதன் பொருள் விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்கி விற்கும் அன்பர் ஒருவர் தம் பத்து வயது மகனுடன் என்னைக் காண வந்தார். தீவனம் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி, சிறுவனின் வலக்கைப் பெருவிரல் அடிமூட்டோடு போயிருந்தது. “ஹஜ்ரத், எலும்பை வெட்டி நீட்டலாம் என்று டாக்டர் சொல்கிறார். அது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகும் என்று உறவினர் தடுக்கிறார். நான் என்ன செய்ய?” என்றார். அவருக்கு விடை கூறுமுன் அச்சிகிச்சை யாதென நான் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

உடைந்த எலும்பு கூடும்போது இரு முனைகளுக்கும் இடையே முதலில் மென்மையான இளந்திசு தோன்றி, பின்னர் அது எலும்பாக இறுகுகிறது. அந்த இளந்திசு இறுகுவதற்கு முன் முனைகளைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொண்டே சென்றால், இடைவெளியில் புதிய எலும்பு உருவாகிக்கொண்டே வரும். தசையும் நரம்பும் இரத்தக் குழாயும் தோலும் உடன் நீளும். இத்தாலிய மருத்துவர் கோதிவில்லா 1905-இல் தொடை எலும்பை நீட்டும் முறையை வெளியிட்டார். ஆயினும் இடையூறுகள் மிகுதியாக இருந்தன. சைபீரியாவின் குர்கான் நகரில் 1950-களில் பணியாற்றிய இலிசாரோவ் என்ற மருத்துவரே, அவசரமின்மைதான் இதன் உயிர்நாடி என்பதைக் கண்டு முறைப்படுத்தினார். இதனைக் கைப்பெருவிரலுக்குப் பயன்படுத்தி, 1970-இல் மருத்துவ உலகுக்கு விளக்கியவர் பல்கேரிய நாட்டு அறுவை மருத்துவர் மாதேவ்.

அறுவையின் போக்கு இதுவாகும். பெருவிரலைத் தாங்கும் உள்ளங்கை எலும்பில் மேலும் கீழுமாக மெல்லிய கம்பிகள் செலுத்தப்பட்டு, அவை கைக்கு வெளியே ஒரு சிறு சட்டத்தில் பொருத்தப்படுகின்றன. பின்னர் கம்பிகளுக்கு இடையே எலும்பு வெட்டப்படுகிறது. ஏறத்தாழ ஒரு வாரம் எதுவும் செய்யாமல் விடப்படுகிறது. அதன்பின் சட்டத்தின் திருகு நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பப்படுகிறது. ஒரு நாளில் விலகுவது அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரைதான். விரைந்தால் எலும்பு உருவாகாது. மிகத் தாமதித்தால் முன்னரே இறுகிவிடும். நாளொன்றுக்கு 1 மி.மீ. என்றால் 3 செ.மீ. நீட்ட 30 நாள் ஆகும். நீண்ட எலும்பு உறுதிப்பட அதைப்போல் இருமடங்கோ அதற்கும் கூடுதலாகவோ காலம் வேண்டும். அதுவரை சட்டம் கையில் இருக்கும். சிறுவர்களுக்கு இடைவெளி பெரும்பாலும் தானே எலும்பால் நிறையும். வளர்ந்தவர்களுக்கு வேறிடத்து எலும்பை எடுத்து வைக்க நேரிடலாம்.

பிறவியிலேயே உள்ளங்கை எலும்போ விரலெலும்போ குறுகியிருப்போருக்கும் இம்முறை பயன்படுகிறது. குறைவு சிறிதாயின், எலும்புத் துண்டு ஒன்றை இடையில் வைத்து ஒரே அறுவையில் நீட்டுவதும் உண்டு.

இதற்கு வரம்புகளும் உள. புதிய மூட்டு உண்டாகாது, நகம் முளைக்காது. கம்பி நுழையுமிடத்தில் சீழ் வைக்கலாம், எலும்பு வளையலாம், மூட்டு இறுகலாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோலை ஆழப்படுத்த மற்றோர் அறுவையும் தேவைப்படலாம். ஆயினும் சொந்தத் தோலும் அதன் உணர்ச்சியும் அப்படியே எஞ்சுகின்றன என்பது பெரும்பேறு. கால்விரலை எடுத்துக் கையில் பொருத்துவது மற்றொரு வழி. இங்கிலாந்தில் 1968-இல் காபெட் என்பார் இதனைச் செய்தார். எதுவாயினும், துண்டான விரலை உடனே மீண்டும் பொருத்த இயலுமானால் அதுவே முதல் வழி. அவ்விரலைத் தூய ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டியில் வைத்து விரைய வேண்டும். பனிக்கட்டி விரலை நேரடியாகத் தொடலாகாது.

கைச் சிகிச்சையில் தமிழகத்திற்குத் தனி வரலாறு உண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றத்தால் நிமிர்த்தினார். அவர்களின் விரல்கள் குறுகுவது சதை அழுகுவதால் அன்று, வலியுணர்வு அற்ற கை ஓயாது காயப்படுவதால்தான் என்பதையும் நிறுவினார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் வெங்கடசுவாமி கைக்கெனத் தனித்துறையை வளர்த்தார். கோவை கங்கா மருத்துவமனை ஆலைகளில் விரலிழந்த தொழிலாளர்கள் நாடும் இடமாயிற்று.

இனி மார்க்கத்தின் நிலை. இறைப்படைப்பை மாற்றுமாறு ஷைத்தான் தூண்டுவதாக ‘அந்நிஸா’ அத்தியாயம் எச்சரிப்பது உண்மையே. ஆனால் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பொன்னாலேயே மூக்கு அமைத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் உள்ளது. குர்துபாவின் ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில், மிகையான விரலை நீக்குவதையும் ஒட்டிய விரல்களைப் பிரிப்பதையும் விளக்கியுள்ளார். 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும், பிறவிக் குறையையும் விபத்தால் நேர்ந்த குறையையும் சீராக்கும் அறுவையை அனுமதித்தது. பழுதை நீக்குவது வேறு. பழுதற்றதை வீண் அழகுக்காகத் திருத்துவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே அவ்வுறவினரின் பிழை.

இங்கு ஒரு நுட்பமும் உண்டு. விரலுக்குரிய இழப்பீட்டில் பெருவிரலும் சிறுவிரலும் சமம் என்பது நபிமொழி. ஒவ்வொன்றுக்கும் பத்து ஒட்டகங்கள். மருத்துவரோ கையின் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் பெருவிரலுக்கே தருவார். இவை முரண் அல்ல. சட்டம் இழந்தவரின் கண்ணியத்தை அளக்கிறது, மருத்துவம் அவர் இனிச் செய்ய வேண்டிய வேலையை அளக்கிறது.

இவற்றையெல்லாம் சொல்லி, “செய்யலாம் என்பது மார்க்கம், செய்தால் பயனுண்டா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்” என்று அனுப்பினேன். அடுத்த ஆண்டு அச்சிறுவன் வந்தான். நகமற்ற, சற்றுக் குட்டையான அவ்விரல் பார்வைக்கு அழகானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கன்றுக்குட்டியின் கயிற்றை அதனால் முடிச்சிட்டுக் காட்டினான். தந்தை பேசவில்லை, மகனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.