ஆடு சொல்லாத நோய்

தாதருக்கு அடுத்த பரேலில் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது 1886ல். மறு ஆண்டு, மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை ராணுவ டாக்டர் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் 18 ஆண்டுகள் பிடித்தன. 1905ல் தெமிஸ்டோகிளீஸ் சாமிட் வெள்ளாடுகளைச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. கொழுகொழுவென்று இருந்த ஆடுகளின் பாலிலேயே கிருமி இருந்தது. 1906ல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட, காய்ச்சலும் மளமளவென்று குறைந்தது.

புருசெல்லோசிஸ் என்ற இந்த நோயின் தந்திரமே அதுதான். ஆடு நோயாளியாகத் தெரிவதில்லை. சினையின் கடைசிக் கட்டத்தில் குட்டியை வீசுவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. நஞ்சுக்கொடியில் கிருமிகள் மண்டிக் கிடக்கும். வெறுங்கையால் எடுத்துப் போடுபவருக்குத் தோல் கீறல் வழியாகவும் மூச்சு வழியாகவும் தொற்றும்.

மும்பையில் இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971ல் செம்பூரை ஒட்டிய தேவனாருக்கு மாறியது. பக்ரீத் சமயத்தில் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசத்திலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் இங்கே வந்திறங்குகின்றன. கறி வாங்குபவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நன்றாக வெந்த கறியிலும் காய்ச்சிய பாலிலும் கிருமி பிழைக்காது. ஆபத்து ஆடு மேய்ப்பவர், அறுப்பவர், பிரசவம் பார்க்கும் கால்நடை டாக்டர் ஆகியோருக்குத்தான்.

விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டிலும் முதுகிலும் வலி. மலேரியாவும் டைபாய்டும் காசநோயும் மலிந்த நகரத்தில் இதை யார் சந்தேகிப்பார்கள்? ரத்தப் பரிசோதனை காட்டிக் கொடுக்கும், கேட்டால். இரண்டு மருந்துகளைச் சேர்த்து குறைந்தது ஆறு வாரம் சாப்பிட வேண்டும். காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பு, விரை, அரிதாக இதயம்வரை பாதிக்கும்.

மத்திய அரசு 2019ல் தொடங்கிய திட்டத்தில், நான்கு முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. பசுவுக்கும் எருமைக்கும் கிடைத்த அந்த ஊசி வெள்ளாட்டுக்கு வரவில்லை. மனிதரை அதிகம் தாக்கும் ரகமோ வெள்ளாட்டிடம்தான்.

அதுவரை கையுறையும், வீசிய குட்டியைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைப்பதும்தான் பாதுகாப்பு. கூடவே டாக்டரிடம் ஒரு வார்த்தை: ‘நான் ஆட்டோடு வேலை செய்பவன்.’