குடியைச் சட்டென நிறுத்தினால் உடல் ஏன் நடுங்குகிறது?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் மூடியபோது, தென்னிந்திய மருத்துவமனைகளுக்குப் பலர் கைநடுக்கத்தோடும் வலிப்போடும் வந்தார்கள். காரணம் குடித்தது அல்ல, குடி நின்றது.

ஏன்? மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டை அடக்குகிறது. வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை இதை ஈடுகட்ட, அமைதியைக் குறைத்துக் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் மதுவை நிறுத்துவது, ஆக்சிலேட்டரை மிதித்தபடியே பிரேக்கைப் பிடுங்குவது போல.

சுமார் 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகு சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற நிலை: இல்லாத பூச்சிகள் ஊர்வதாகத் தெரியும், சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாது, காய்ச்சல் ஏறும். உயிரையே பறிக்கக்கூடியது இது. பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மருத்துவர்கள் டயஸிபாம், லோரஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அந்தச் சத்துக் குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். டயஸிபாம், லோரஸிபாம் மாத்திரைகளை நீங்களே வாங்கிப் போடாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

வீட்டில் தினமும் குடிப்பவர் விட்டுவிடுகிறேன் என்று சொன்னால், பாட்டிலை ஒளிப்பதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.